மீன் பெட்டியில் பூத்த அந்தரத்தாயி

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற பேருந்துக்கு 1991ஆம் ஆண்டு ஒரு புது நிறுத்தம் முளைத்தது. அரசாங்கம் வைத்த நிறுத்தம் இல்லை. பலகை கிடையாது, நிழற்குடை கிடையாது. ஆனாலும் கண்டக்டர் விசில் ஊதி, "அந்தரத்தாயி எல்லாம் எறங்கு! அந்தரத்தாயி எல்லாம் எறங்கு!" என்று கத்துவார். பாதி பஸ் காலியாகும். இறங்கியவர்கள் ஏரிக்கரையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நடப்பார்கள். இறங்காதவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். டிரைவரும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் ஒரு கும்பிடு போடுவார். அந்த நேரத்தில் பஸ்ஸை ஓட்டியது யார் என்று கேட்டால், தாயிதான் என்பார்கள். தாயிக்கு லைசென்ஸ் உண்டா என்று கேட்க ஆளில்லை.

ஏரிக்கரையில் ஓர் இலுப்பை மரம். அதன் கிளை ஒன்றில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு செடி ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் தடிமனில் இருபது தண்டு, கொஞ்சம் இலை, மரப்பட்டையைக் கவ்விக்கொண்டு வெளுத்த வேர்கள். அவ்வளவுதான் தாயி. மண் இல்லை, தொட்டி இல்லை, எரு இல்லை. பாதி வேர் காற்றில் தொங்கியது. பூத்தால் கட்டைவிரல் அளவில் வெள்ளைப் பூ, சிறகை விரித்த புறா மாதிரி இருக்கும். காலையில் விரியும், கமகமவென்று மணக்கும், பொழுது சாய்வதற்குள் வாடிவிடும்.

இதற்கு ஆர்க்கிட் என்று பெயர். மழைக்காடுகளில் மரத்துக்கு மரம் ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்தின் சாற்றை உறிஞ்சாது. உயரத்தில் வெளிச்சம் கிடைக்குமே என்று கிளையைப் பிடித்துக்கொண்டு, மழையையும் காற்றின் ஈரத்தையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளும். சாதுவான பிராணி. ஆனால் நம் ஊரில் மழைக்காடு ஏது? வேலிகாத்தானையும் பனைமரத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மண்ணில் நிற்காத செடி செடியாகத் தெரியுமா? தெரியாதது எல்லாம் தெய்வம் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு வசதி! பள்ளிக்கூடம் கட்டுகிற செலவு மிச்சம்.

தெய்வத்துக்கு ஒரு சாமியார் வேண்டுமல்லவா? அவர்தான் செடியோடு கூடவே வந்து சேர்ந்த அந்தரச்சாமி. ஐம்பது வயது, சடை, காவி. இடது கை ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. "தாயி கேட்டா, அறுத்துக் குடுத்தேன்" என்பார். பெண்கள் அந்த அரை விரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மீதி ஒன்பது விரலும் முழுசாக இருந்தன. அவற்றை ஒருவரும் சீந்தவில்லை.

சாமியின் தொழில்முறை எளிமையானது. அம்மனைக் குளிர்விக்க வேண்டும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கூழ் ஊற்றுகிறோம், வேப்பிலை கட்டுகிறோம். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் சாயங்காலம் பறை அடித்துக் கூட்டம் கூட்டுவார். மரத்தைச் சுற்றித் திரை கட்டி, தான் மட்டும் உள்ளே போவார். 'குளிர்விப்பு' நடக்கும். திரைக்கு அடியிலிருந்து ஜில்லென்று ஒரு காற்று வந்து, வெளியே நிற்பவர்களின் கால்களைத் தொடும். ஆடி மாத வெயிலில் வெந்துபோயிருந்த கால்கள்! "தாயி மூச்சு விடறா!" என்று கூட்டம் உருகிப்போகும். அங்கேயே ஒன்பது நாள் விரதம் தொடங்கும். ஒன்பதாம் நாள் காலையில் திரை விலகினால், மொட்டு மொட்டாய் நின்ற செடி முழுக்கப் பூத்திருக்கும். நேற்று இல்லை, நாளைக்கும் இருக்காது. சாமி சொன்ன அதே நாள்.

நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். தேங்காய் உடைக்கவில்லை. ஆனால் மற்றவர்களைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டேன். ஏன் கழற்றினேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

வந்தவர்களின் வேண்டுதலைக் கேட்க வேண்டுமே! மறைமலை நகர் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிற பையன்கள் பெர்மனென்ட் ஆக வேண்டும் என்று ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். தரிசு வைத்திருந்தவர்கள், இந்தப் பக்கம் கம்பெனி வந்தால் தங்கள் தரிசு மேல் வர வேண்டும் என்றார்கள். விளைச்சல் நிலம் வைத்திருந்தவர்கள், அடுத்தவன் நிலத்துக்கு வரட்டும் என்றார்கள். பூ எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாளில் பூத்தது. பூத்தும் காரியம் ஆகவில்லையா? "உன் மனசுல கறை கீது. இன்னொரு விரதம் இரு." கறை போக ஒரு வெள்ளாடோ, ஒரு பித்தளை அண்டாவோ போதும்.

சர்ச்சுக்குப் போகிறவர்களும் வந்தார்கள். வெள்ளைப் பூவைப் பார்த்து, "பரிசுத்த ஆவி புறா மாதிரிதானே எறங்கிச்சி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். சாமி பெரிய மனது பண்ணி, "புறான்னும் வெச்சிக்கலாம், நமக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றார். ஏமாற்றுவதில் அவர் மதம் பார்த்ததே கிடையாது.

ஆனால் இரண்டு விஷயங்களில் மட்டும் கறாராக இருந்தார். முதலாவது, கவுச்சி ஆகாது. மீன் வாடை பட்டால் தாயி கருகிவிடுவாளாம். மரத்தைச் சுற்றி ஒரு கயிறு. மீன் விற்கிறவர்கள் அதைத் தாண்டக் கூடாது. இரண்டாவது, மருந்து ஆகாது. "மாத்திரை சூடு. தாயி குளிர்ச்சி. ரெண்டும் ஒரே ஒடம்புல எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்பார். கேட்டவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது.

இந்த இரண்டாவது கட்டளையில்தான் அம்சவல்லி மாட்டிக்கொண்டாள்.

அம்சவல்லியின் மகள் கவிப்பிரியாவுக்கு எட்டு வயது. வலிப்பு நோய். பட்டணத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ஒருநாள் விடாமல் கொடுத்து, ஒரு வருஷமும் இரண்டு மாதமும் வலிப்பே இல்லாமல் இருந்தாள். டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று. ஆனால் தெருவில் 'வலிப்புக்காரி' என்று ஒரு வாய் சொன்னால் தாய்க்கு வயிறு எரியாதா? மாத்திரை தின்கிற வரைக்கும் நோயாளிதானே என்று நினைத்தாள். சாமியிடம் போனாள். மூன்று விரதம், மூன்று பூ, அப்புறம் ஜென்மத்துக்கும் மாத்திரை வேண்டாம் என்றார் சாமி. காணிக்கையாக மகளின் வெள்ளிக் கொலுசு போயிற்று. மாத்திரை அட்டை அரிசிப் பானைக்குள் போயிற்று.

முதல் விரதம் ஆனி மாதக் கடைசியில், மழை கொட்டிய அன்று சாயங்காலம் தொடங்கியது. ஒன்பதாம் நாள் பூத்தது. பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்சவல்லி ஊரெல்லாம் சொன்னாள். அவள் புருஷன் எல்லப்பன் செங்கல் சூளையிலிருந்து வந்து மரத்தடியில் விழுந்து கும்பிட்டான். இரண்டாவது விரதத்தின்போது பெண்ணின் கை அடிக்கடி வெட்டி வெட்டி இழுத்தது. தண்ணீர் டம்ளர் இரண்டு முறை கீழே விழுந்தது. அதைப் பார்த்துவிட்டவள் பக்கத்து வீட்டு மெர்சி.

மெர்சி மீன் விற்கிறவள். செம்பரம்பாக்கம் ஏரியில் விடியற்காலை வலை இழுத்ததும் கெண்டையும் விராலும் வாங்கி, மரப்பெட்டியில் ஐஸ் போட்டு, படப்பை ரோட்டோரம் உட்காருவாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைக்கப்பட்ட சாதி.

"இன்னாடி அம்சா, புள்ள கை இப்படி இழுக்குது? மாத்திரை குடுக்கறியா இல்லியா?"

"இல்லக்கா. விரதம். சாமி வேணாம்னுட்டாரு."

"சாமி இன்னா டாக்டருக்குப் படிச்சிருக்காரா?"

"தாயி பூக்கறாளே மெர்சிக்கா! சொன்ன நாளுக்குப் பூக்கறாளே! அது பொய்யா?"

பூ பொய்யில்லை. மெர்சியே கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். சொன்ன நாளில்தான் பூக்கிறது. ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்ட நஷ்டத்தை மறக்க மாட்டாள். இரண்டாவது விரதம் தொடங்கிய அன்று படப்பை ஐஸ் கம்பெனியில் ஐஸ் கிடைக்காமல் அவளுடைய மீன் பாதி நாறிப்போனது. அதற்கு முன்பு ஒருமுறை, வைகாசியில், விராலைக் குப்பையில் கொட்டினாள். அன்றும் சாயங்காலம் பறை அடித்தது. சித்திரையில் கெண்டை போன அன்றும் பறை. அது எப்படி, தாயிக்குக் குளிர்விப்பு என்றால் எனக்கு மட்டும் ஐஸ் இல்லை?

மறுநாள் ஐஸ் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற நாகப்பனைப் பிடித்தாள்.

"அண்ணே, அன்னிக்கு என் ஐஸை யாருக்குக் குடுத்த?"

"ஜூஸ் கடைக்காரரும்மா. நாலு பார் ஐஸு எடுத்துக்கினு போவாரு. டிவிஎஸ் ஃபிப்டியில கோணி சுத்தி. நல்ல மனுசன், தலைல துண்டு கட்டிக்கினு சட்டை போட்டுக்கினு வருவாரு."

"எங்க கீது அந்த ஜூஸ் கடை?"

"அது தெரியாது. ஆனா ஆளைப் பாத்தா தெரியும். இந்தக் கைல ஒரு வெரலு பாதிதான் இருக்கும்."

மெர்சி தன் இடது கை ஆள்காட்டி விரலைப் பாதியாக மடக்கிப் பார்த்தாள். பிறகு, "ஆனி மாசக் கடைசில ஒருநாள் மழை கொட்டிச்சே, அன்னிக்கு வந்தாரா?" என்று கேட்டாள்.

"மழைல எவன் ஜூஸ் குடிப்பான்? வரல."

மழை பெய்தால் ஐஸ் வேண்டாம். மழை இல்லாவிட்டால் நாலு பார். இரண்டுக்கும் ஒன்பதாம் நாள் பூ. எட்டாம் வகுப்போடு நின்ற மெர்சி இதை ஐஸ் கம்பெனி வாசலில் நின்றபடி கூட்டிப் பார்த்துவிட்டாள். ஊரில் பட்டம் வாங்கியவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் அப்போது கயிற்றுக்கு உள்ளே, முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

சந்தேகம் வந்தால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குச் செடி வேண்டும். செடி இருந்தது. நிலத் தரகர் தணிகாசலத்தின் வீட்டுப் பூஜை அறையில், தேங்காய் மட்டையில் கட்டி, 'வூட்டுத் தாயி' என்று சாமியே கொடுத்தது. அதற்கு ஈடாக ஒரு பசுமாடு போனது. தரகரின் மனைவி சரோஜா கவுச்சியை விட்டுவிட்டதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, மெர்சியிடம் பின்வாசல் வழியாக விரால் வாங்குகிறவள்.

"அஞ்சு மாசம் ஆச்சி மெர்சி, ஒரு பூ இல்ல. எங்க வூட்டுக்காரரு மனசு சுத்தமில்லன்னு சாமி சொல்றாரு. அது எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தெரியும். அதைச் சொல்ல ஒரு மாடு கேட்டாரு பாரு!"

"பத்து நாள் எங்கிட்டக் குடுங்கம்மா. பூக்க வெச்சித் தரேன்."

"உன் வூட்ல மீன் வாடையாச்சே?"

"அதான் பாக்கணும்."

சரோஜா மட்டையை ஒரு முறத்தில் மறைத்துக் கொடுத்தாள். கூடவே அரைக்கிலோ விராலும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது விரதத்துக்குப் புதன்கிழமை என்று நாள் குறித்துப் பறை அடித்தது. பூ, அடுத்த வாரம் ஆடி வெள்ளியன்று. மெர்சி அன்று மீன்காரப் பெண்கள் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு விடிந்ததும் ஐஸ் கம்பெனி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ஏரியில் அன்று நல்ல வரத்து. அன்றைக்கு எடுத்த ஐஸ் அத்தனையும் மீனுக்கே போயிற்று. மத்தியானம் டிவிஎஸ் ஃபிப்டி வந்தது, கோணியோடு. நாகப்பன் கையை விரித்தான். "தீந்துபோச்சி நைனா. தாம்பரம் போய்ப் பாரு." ஆடி வெயிலில் தாம்பரத்திலிருந்து ஐஸ் கொண்டுவந்தால் கோணிதான் வந்து சேரும். சாமி வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. தாயியும் கைவிட்டுவிட்டாள், இந்திரனும் கைவிட்டுவிட்டான்.

அன்று சாயங்காலம் திரைக்குள்ளே கிணற்றுத் தண்ணீரால் குளிர்விப்பு நடந்தது. வெளியே ஒருவர் காலும் ஜில்லிடவில்லை.

"இன்னா சாமி, தாயி மூச்சே வரலியே?" என்றாள் ஒருத்தி.

"உங்க பாவச் சூடு அவ்ளோ கீது" என்றார் சாமி. எல்லோரும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதே நேரம் மெர்சி வீட்டுக் கொல்லையில், மீன் பெட்டிக்குள், ஈரச் சாக்கில் சுற்றிய தேங்காய் மட்டை உடைத்த ஐஸ் மேல் உட்கார்ந்திருந்தது. கெண்டைச் செதில் இரண்டு மூன்று இலையில் ஒட்டியிருந்தன. மந்திரம் கிடையாது. இரண்டு மணி நேரம் கழித்து மெர்சி ஐஸைக் கொட்டிவிட்டு, மட்டையை அதே பெட்டியில் வைத்து, மூடியைக் கழற்றி, வேப்பமர நிழலில் விட்டாள்.

ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை, கவிப்பிரியா பம்புசெட் தொட்டி ஓரத்தில் விழுந்தாள். கை கால் வெட்டியிழுத்தது, வாயில் நுரை தள்ளியது. மெர்சிதான் ஓடிப்போய்த் தொட்டிக்குள் சரியாமல் இழுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். இன்னும் ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் பெண் தண்ணீருக்குள். மெர்சிக்குப் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. பெண் கண் திறந்து, "பெரிம்மா, நான் எங்க கீறேன்?" என்று கேட்டபோதுதான் அழுதாள்.

அம்சவல்லி மார்பில் அடித்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். சாமி அசையவில்லை. "நோய் வெளில போவுது. போவும்போது ஆட்டிட்டுத்தான் போவும். இன்னும் மூணு நாள். நடுவுல மாத்திரை குடுத்தே, பொண்ணு ஒனக்கு இல்ல, பாத்துக்க."

திரும்பி வந்தவளை மெர்சி வாசலில் மடக்கினாள்.

"இப்பவே ஒரு மாத்திரை குடுடி. உன் கால்ல வுழறேன்."

"குடுத்தா செத்துடுவான்னு சொல்றாருக்கா! ரெண்டு பூ பூத்தாச்சி. மூணாவது பூவுல நிக்கிறேன். இப்பப் போய் நான் கெடுப்பேனா?" அம்சவல்லி தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள். எல்லப்பன் வேலைக்குப் போகாமல் மூலையில் உட்கார்ந்திருந்தான்.

"சரி. உன் தாயி அவுரு மரத்துல பூக்காம, என் மீன் பொட்டியில பூத்தா, மாத்திரை குடுப்பியா?"

அம்சவல்லி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "கவுச்சிப் பொட்டியிலயா? தாயியா? மெர்சிக்கா, உனக்குப் புத்தி பேதலிச்சிப் போச்சா?"

"பூத்தா குடுப்பியா?"

"பூத்தா குடுக்கறேன். என் பொண்ணு மேல சத்தியம்."

மூன்று ராத்திரி மெர்சி அம்சவல்லி வீட்டிலேயே, அந்தப் பெண் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். எந்த தெய்வத்தை நம்பி இந்தப் பந்தயம் கட்டினாள் என்று கேட்காதீர்கள். ஐஸை நம்பிக் கட்டினாள்.

ஆடி வெள்ளி. ஏரிக்கரை கொள்ளாத கூட்டம். பத்து மணிக்கு உடுக்கை, பம்பை. அம்சவல்லி ஈரத்துணியோடு மகளை மடியில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். பெண் துவண்டு கிடந்தாள். அந்தரச்சாமி திரைக்குள் போனார். போனவர் வெளியே வரவில்லை. பம்பைக்காரர்கள் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோனார்கள். கடைசியில் எல்லப்பனே எழுந்து திரையை இழுத்தான்.

தண்டில் மொட்டு இருந்தது. பச்சையாக, இறுக மூடிக்கொண்டு, போன வாரம் இருந்த மாதிரியே இருந்தது. ஒரு பூ இல்லை.

அம்சவல்லி, "என் பொண்ணு போச்சே!" என்று அலறினாள்.

சாமி சட்டென்று கையை நீட்டினார். அரை விரல் கூட்டத்தின் ஓரத்தைக் காட்டியது. "யாரோ கவுச்சியோட வந்துட்டா! அதோ, அந்த மீன்காரி! தாயி மொகத்தை மூடிக்கினா!"

எல்லோரும் திரும்பினார்கள். மெர்சி தலையில் மீன் பெட்டியோடு கயிற்றைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். நாலு பேர் அடிக்கக் கை ஓங்கினார்கள். அவள் பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்தாள்.

பதினோரு பூ. வெள்ளை வெளேரென்று, தேங்காய் மட்டையின் மேல் சிறகை விரித்துக்கொண்டு. மணமும் வந்தது, கூடவே கெண்டை வாடையும் வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சாமியை அடிப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? முன்வரிசை மொத்தமும் தடாலென்று மீன் பெட்டி முன்னால் விழுந்தது! "தாயே! எடம் மாறிட்டியா!" "மெர்சியம்மா காப்பாத்து!" ஒருவர் பெட்டிக்கு விபூதியே பூசிவிட்டார். பெர்மனென்ட் ஆகாத பையன் ஒருவன் மெர்சியின் காலைப் பிடித்துக்கொண்டான். தலைவலி போக வேண்டுமே தவிர, எந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறோம் என்று பார்க்கிற வழக்கம் நம்மிடம் கிடையாதே!

மெர்சி காலை உதறினாள். அவளுக்கு வந்த கோபம் சாமியைப் பார்த்துக்கூட வரவில்லை.

"எழுந்திரிங்கய்யா! வெக்கமா இல்ல? இது தாயியும் இல்ல, நான் அம்மனும் இல்ல. இது ஒரு செடி. ஜில்லுனு பட்டா ஒம்போதாம் நாள் பூக்கும். அவ்ளோதான் சமாச்சாரம்! மழை பேஞ்சா மழைல பூக்கும். பேயலன்னா அந்த ஆளு திரைக்குள்ள ஐஸ் வெச்சிப் பூக்க வெப்பாரு. உங்க காலுல பட்டுச்சே தாயி மூச்சு, அது எங்க படப்பை ஐஸ் கம்பெனி மூச்சு! இந்த வாட்டி ஐஸை நாங்க வாங்கிட்டோம். அங்க பூக்கல. போன புதன்கிழமை என் மீன் பொட்டியில ஐஸ் மேல வெச்சேன். இங்க பூத்துச்சி."

"புளுகு!" என்றார் சாமி.

"புளுகா? நாகப்பண்ணே, இங்க வா. உன் ஜூஸ் கடைக்காரரு இந்தக் கூட்டத்துல கீறாரா பாரு."

நாகப்பன் முன்னால் வந்து, மேலும் கீழும் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கும்பிட்டான். "இன்னா சார், துண்டு இல்லாம வந்துட்டீங்க? இன்னிக்கு ஐஸ் கீது. நாலு பார் எடுத்து வெக்கட்டுமா?"

கூட்டத்தின் பின்பக்கம் யாரோ ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மெதுவாக முன்னால் வந்தது. சாமி கரையோரமாக நழுவப் பார்த்தார். எல்லப்பன் சடையைப் பிடித்தான். சடை தனியாகக் கையோடு வந்தது.

"அடிக்காதீங்க, சொல்லிடறேன்!" என்றார் சடையில்லாத மனிதர். பெயர் பாண்டுரங்கனாம். அந்தமானில் மரம் அறுக்கிற மில்லில் பதினாறு வருஷம் வேலை. விரலை எடுத்தது தாயி இல்லை, ரம்பம். "அங்க காடு முச்சூடும் இந்தச் செடிதான். மழை பேஞ்சி ஒம்போதாம் நாளு மரத்துக்கு மரம் வெள்ளையா பூத்துக் கெடக்கும். பெரிய அதிசயம் இல்ல அங்க. நாங்க அது கீழ உக்காந்து பீடி குடிப்போம்."

"அங்க யாரும் கும்பிடலியா?" என்று ஒரு கிழவர் ஏமாற்றத்தோடு கேட்டார்.

"இல்லீங்க. அங்க எவனும் கும்பிடல. அதான் இங்க எடுத்தாந்தேன்."

இதைவிட நேர்மையாக நம்மைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

அம்சவல்லி இதையெல்லாம் கேட்டாளா என்று தெரியவில்லை. அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூவின் இதழில் ஒரு மீன் செதில் ஒட்டி, வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. கருகவில்லை. எழுந்து வந்து, விரலால் அந்தச் செதிலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மாத்திரை அட்டை. அரிசிப் பானையிலிருந்து அன்று காலையிலேயே எடுத்து முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். சத்தியத்துக்காகவா, சந்தேகத்துக்காகவா, அவளுக்கே தெரியாது.

"மெர்சிக்கா, தண்ணி."

எல்லோர் முன்னாலும், மரத்தடியிலேயே, மகளின் வாயில் மாத்திரையைப் போட்டாள். எங்கே அந்தரத்தாயி கோபித்துக்கொண்டு பெண்ணைக் கொண்டுபோய்விடுவாளோ என்று இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கவிப்பிரியா தண்ணீரைக் குடித்தாள். முகம் சுளித்தாள். "கசக்குது" என்றாள்.

வேறொன்றும் நடக்கவில்லை.

அன்று மத்தியானமே மெர்சி அவர்களைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அம்சவல்லியை ஒரு பாட்டம் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டு அவள் அழுததைப் பார்த்து, பிறகு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மாத்திரை தொடர்ந்தது. பெண் மறுபடியும் பள்ளிக்கூடம் போனாள்.

பாண்டுரங்கனைப் போலீஸ் கொண்டுபோனது. கொலுசும் அண்டாவும் திரும்பி வந்தன. தரகர் தணிகாசலத்தின் பசுமாடு கன்றோடு வந்தது. அதை மட்டும் அவர் தாயியின் அருள் என்றே சொல்லிக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை மெர்சி பட்டப்பகலில், திரை கட்டாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, இலுப்பை மரத்துச் செடிக்கு ஐஸ் தண்ணீர் ஊற்றினாள். ஒன்பதாம் நாள் பிள்ளைகளே வந்து எண்ணிப் பார்த்தார்கள். முப்பத்துநாலு பூ. கவிப்பிரியா இரண்டு முறை எண்ணினாள். கைதட்டிவிட்டு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். பெரியவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் கையில் கற்பூரம் இருந்தது.

பஸ்ஸில் இன்னமும் கண்டக்டர், "அந்தரத்தாயி எல்லாம் எறங்கு" என்றுதான் கூப்பிடுகிறார். இன்னமும் சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எதற்கு என்று கேட்டால், "எதுக்கும் இருக்கட்டுமே" என்கிறார்கள்.

செடிக்கு மூளை கிடையாது. அதற்கே குளிர் பட்டால் ஒன்பது நாளில் விளங்கிவிடுகிறது. மண்டை நிறைய மூளையை வைத்துக்கொண்டிருக்கிற ஐயாமாரே, அம்மாமாரே, உங்களுக்கு எது பட்டால் விளங்கும்?